பாட்டி வைத்த தேன் பரீட்சை

ஜவ்வாது மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கும்போது சாமை, புளியோடு ஒரு பாட்டில் தேனும் வாங்கி வருவது வழக்கம். வீட்டுக்கு வந்ததும் பரீட்சை தொடங்கிவிடும். பாட்டி டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார். கரையாமல் அடியில் போய் நின்றால் ‘சுத்தம்’. மாமா தீக்குச்சியைத் தேனில் தோய்த்து உரசுவார், பற்றிக்கொண்டால் ‘அசல்’.

இந்த இரண்டும் காட்டுவது தேனில் இருக்கும் ஈரத்தைத்தான். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் இதில் பாஸாகிவிடும். ஈரம் கூடுதலாக உள்ள நல்ல மலைத்தேன் ஃபெயிலாகிவிடும்.

அப்படியானால் ஆய்வகம்? அங்கேயும் கண்ணாமூச்சி உண்டு. கரும்பு, மக்காச்சோளப் பாகு கலந்திருந்தால் அதிலுள்ள கார்பனை வைத்துப் பிடித்துவிடலாம். அரிசிப் பாகு அந்தச் சோதனையில் தப்பிவிடும். காரணம், நெல்லின் கார்பனும் பெரும்பாலான பூச்செடிகளின் கார்பனும் ஒரே சாயல். 2020 டிசம்பரில், டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்த முடிவை வெளியிட்டது. இந்திய ஆய்வகத்தில் பெரிய பிராண்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே தேறின. ஜெர்மனியில் செய்த என்.எம்.ஆர். சோதனையையும் சேர்த்தால், முழுதாகத் தேறியவை 3 மட்டுமே. நிறுவனங்கள் இதை மறுத்தன.

ஆய்வகத்துக்கும் ஓர் எடைக்கல் உண்டு. தேன் பழசானாலோ, அதிகம் சூடாக்கினாலோ எச்.எம்.எஃப். என்ற பொருள் கூடும். கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. இதை அளக்க, தூய்மைச் சான்று பெற்ற எச்.எம்.எஃப். கொஞ்சம் வேண்டும், அதோடு ஒப்பிட்டுத்தான் கருவி கணக்குச் சொல்லும். ‘99 சதவீதம்’ என்று லேபிள் ஒட்டிய குப்பியில் 90 சதவீதமே இருந்தால்? 75 மில்லிகிராம் உள்ள தேன், 82-ஐத் தாண்டியதாகக் காட்டும். தேனில் குற்றமில்லை, தேன் எடுத்தவர்மீதும் இல்லை. ஆனால் சரக்கு திரும்பி வந்துவிடும். அதனால்தான் நல்ல ஆய்வகங்கள் தேனைச் சோதிக்கும் முன், தங்கள் குப்பியின் சான்றிதழைச் சரிபார்க்கின்றன.

அடுத்த முறை தேன் வாங்கும்போது தொகுப்பு எண், எடுத்த தேதி, எந்த ஆய்வகத்தில் சோதித்தது, அதற்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். அடியில் தேன் உறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது தேனின் இயல்பு, சர்க்கரை கலந்ததற்கு அடையாளம் அல்ல. பாட்டியின் டம்ளர் தண்ணீரை மட்டும் நம்பி, மலையில் தேன் எடுத்தவரைப் பொய்யர் என்று சொல்லிவிடாதீர்கள்.