சான்றில்லாச் சொல் தமிழுக்கு அரணாகுமா?

பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக்கியவன் பல்லவ வேந்தன் நிருபதுங்கன். 1879-இல் கிடைத்த செப்பேடு இதனைச் சொல்கிறது. தன்னை யாத்தவன் பெயரையும் பொறித்த தட்டான் பெயரையுங்கூடச் சொல்கிறது. அங்கு ஓதப்பட்டது வடமொழிக் கலை. அது நமக்கு உவப்பன்று, ஆயினும் மறையோம். சான்றுக்குத் தலைவணங்குவதே புலமை!

செயற்கை அறிவுப்பொறியோ கேட்பவன் உவக்குமாறு இல்லாத நூலையும் புனையும். அது புனைந்த தீர்ப்புகளை மன்றில் காட்டிய நியூயார்க்கு வழக்கறிஞர்க்கு 2023-இல் 5,000 டாலர் தண்டம் விழுந்தது.

வில்லியனூர், பாகூர் மாணவ! பொறியைத் தொட்டாயெனின் தொட்டதை ஆய்வேட்டில் எழுது. அது சுட்டும் நூலை நீயே திறந்து பார். மின்னூலாயின் முகவரியும் பார்த்த நாளும் குறி. தமிழின் பெருமைக்கென்று நீ காட்டும் ஒரு பொய்ச்சான்று, நம் மெய்ச்சான்றுகள் அனைத்தையும் பகைவர் எள்ள இடந்தரும்!