ஓசி டிக்கெட் அல்ல!

சபாஷ், பெண் பிள்ளைகளே!

2022 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை கால்பந்து நம் நாட்டில் நடந்தது. போட்டியை நடத்தும் நாடு என்பதால் தகுதிச் சுற்று ஆடாமலே உள்ளே போனோம். புவனேஸ்வரத்தில் விழுந்தது அடி! அமெரிக்கா 8, மொராக்கோ 3, பிரேசில் 5. ஆக 16 கோல் வாங்கினோம். திருப்பி ஒன்றுகூடப் போடவில்லை.

2025-ல் கதையே வேறு.

ஆகஸ்ட் மாதம், மியான்மரில் யாங்கோன். நம் பெரியவர்கள் வாயில் ரங்கூன்! 20 வயதுக்கு உட்பட்டோர் ஆசியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்று. கடைசி ஆட்டம் மியான்மரோடு, அதுவும் அவர்கள் மைதானத்தில். 27-வது நிமிஷம் பூஜா ஒரு கோல் போட்டார். அவ்வளவுதான். மிச்ச நேரம் பூரா அந்த ஒற்றைக் கோலைக் கட்டிக் காத்தார்கள். 20 வருஷம் கழித்து இந்தியா உள்ளே!

அக்டோபரில் 17 வயதுப் பிரிவு, கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில். உஸ்பெகிஸ்தான் முந்திக்கொண்டது. நம் பெண்கள் அசரவில்லை. இரண்டைப் போட்டு 2-1 என்று ஜெயித்தார்கள். ஆசியக் கோப்பைக்கு டிக்கெட், சொந்தக் காசில்!

கால்பந்து சம்மேளனத்துக்கு ஒரு வார்த்தை. 2022 ஆகஸ்டில் உங்கள் நிர்வாகத் தகராறால் ஃபிஃபா தடை போட, உலகக் கோப்பையே கை நழுவப் பார்த்தது. தடை நீங்கியதால் பிழைத்தோம். இனியாவது நாற்காலியை விட்டு மைதானத்தைப் பாருங்கள். போட்டி நெருங்கும்போது மட்டும் முகாம் போட்டால் போதாது. வெளிநாட்டு அணிகளோடு வருஷம் பூரா ஆட வையுங்கள்.