எந்த ராத்திரி பன்னிரண்டரை?

எரியோட்டிலிருந்து ஒரு சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு வேன் கிளம்பியது. உள்ளே பதினாறு பேர். அதில் சிங்கப்பூர் போகிறவன் ஒருத்தன், வழியனுப்பப் போகிறவர்கள் பதினைந்து பேர். நம் பக்கத்தில் இதுதான் வழக்கம். போகிறவனுக்கு வேனில் கால் வைக்க இடம் இருக்காது. அதற்கெல்லாம் யாரும் கவலைப்படுவதில்லை.

போகிறவன் எங்கள் எதிர்வீட்டு அக்காவின் மகன். என்னை மாமா என்று கூப்பிடுவான். வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் நாலு வருஷம் ஷிப்ட் பார்த்தவன். அக்கா தன் கழுத்துச் செயினையும் தோட்டையும் பேங்கில் வைத்து, ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி, அவனுக்கு சிங்கப்பூரில் ஒரு வேலை வாங்கியிருந்தாள். டிக்கெட் வந்ததும் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினார்கள். திண்டுக்கல்லில் ஆபீஸ் உத்தியோகம், இரண்டு தடவை பிளேனில் போய் வந்தவன். அந்த வட்டாரத்தில் ஏவியேஷன் நிபுணர் வேறு யார்?

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். தேதி 14. நேரம் 00.35. "பதினாலாம் தேதி ராத்திரி பன்னண்டரைக்குத்தான்க்கா பிளேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பினாப் போதும்" என்று சொல்லிவிட்டுக் காபியும் குடித்துவிட்டு வந்தேன்.

வடமதுரை, அய்யலூர், வையம்பட்டி... மணப்பாறையில் வண்டியை நிறுத்தி முறுக்கு வாங்கினோம். புதுக்கோட்டை ரோட்டில் இருக்கிற ஏர்போர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. நாலரை மணி நேரம் இருக்கிறது என்று பையன் முகத்தில் ஒரே சிரிப்பு. வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார்.

"சார், இந்த பிளேன் நேத்து ராத்திரியே போயிருச்சே!"

புரிந்துவிட்டதா? 14-ம் தேதி 00.35 என்றால், 13-ம் தேதி ராத்திரி சாப்பாடு முடிந்து, நடு ராத்திரி தாண்டிய முப்பத்தைந்தாவது நிமிஷம். அதாவது 13-ம் தேதி சாயங்காலமே வேன் கிளம்பியிருக்க வேண்டும். நாங்கள் 14-ம் தேதி சாயங்காலம் போய் நின்றோம். பிளேன் போய் இருபது மணி நேரம் ஆகியிருந்தது.

என்னை அடிக்க வராதீர்கள். தப்பு என்னுடையது மட்டும் இல்லை, நம் பஞ்சாங்கத்துக்கும் பங்கு இருக்கிறது! நமக்கு நாள் என்பது சூரியன் உதிப்பதிலிருந்து மறுநாள் உதிப்பது வரை. ராத்திரி ஒரு மணிக்கு முழித்துக்கொண்டாலும் நமக்கு அது 'இன்னைக்கு ராத்திரி'தான். விமானக் கம்பெனிக்கும் ரயில்வேக்கும் பன்னிரண்டு அடித்தால் தேதி மாறிவிடும். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் அக்காவின் செயின் விழுந்தது.

திருச்சியிலிருந்து வெளிநாடு போகிற விமானங்களில் பல, நடு ராத்திரியை ஒட்டித்தான் கிளம்புகின்றன. ஆகவே நேரம் 00 அல்லது 01, 02 என்று ஆரம்பித்தால், டிக்கெட்டைப் பார்த்த உடனே காலண்டரில் முந்தின நாளைச் சுழித்துவிடுங்கள். அந்த நாள் தேதிக்குக் கீழே 'ராத்திரி ஒன்பது மணிக்கு ஏர்போர்ட்' என்று எழுதுங்கள். டிக்கெட்டில் இருக்கிற தேதியை எழுதவே எழுதாதீர்கள். வீட்டில் யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டு வேன்காரரிடம் போய்ச் சொல்வார்.

ஏன் ஒன்பது மணி? வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும். கவுன்டரை ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள், சில கம்பெனிகளில் அதற்கும் முன்பே. அதற்குப் பிறகு இமிக்ரேஷன் க்யூ, சோதனை க்யூ. உள்நாடு என்றால் இரண்டு மணி நேரம் போதும். அதிலும் கவுன்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்னாலும், ஏறுகிற கேட் இருபது இருபத்தைந்து நிமிஷத்துக்கு முன்னாலும் மூடப்படும். 'பிளேன் கண் முன்னாடி நிக்குது சார், ஓடிப்போய் ஏறிக்கிறேன்' என்கிற பேச்செல்லாம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டோடு சரி.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. மதுரை ஏர்போர்ட் பக்கம்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏர்போர்ட் இருப்பது மதுரைக்குத் தெற்கே, பெருங்குடி பக்கம். நாம் வடக்கிலிருந்து போகிறோம். பஸ் உங்களை ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ஊரைக் குறுக்கே தாண்ட வேண்டும். சித்திரைத் திருவிழா சமயம் என்றால் அழகர் ஆற்றில் இறங்கி முடிகிற வரை நீங்களும் ஆற்றோரம்தான். கார் வைத்துக்கொண்டு போகிறவர்கள் நான்குவழிச் சாலையில் கப்பலூர் வரை போய் ரிங் ரோட்டில் திரும்பிவிடலாம்.

சரி, அன்றைய ராத்திரிக்கு வருவோம். அக்கா ஏர்போர்ட் வாசலில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "தம்பி, அந்தக் காசு திரும்ப வருமா?" என்று என்னிடம் கேட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

காசு முழுசாக வராது. ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. டிக்கெட் விலை என்பது ஒரே தொகை இல்லை. அடிப்படைக் கட்டணம், வரி, ஏர்போர்ட் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்தது. நம் நாட்டுக் கம்பெனிகளின் விமானத்தைத் தவறவிட்டால், போகாத பயணத்துக்கான வரியையும் ஏர்போர்ட் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருக்கிறது. 'திரும்பக் கிடைக்காது' என்று போட்ட சலுகை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். நாமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டுக் கம்பெனி என்றால் அவர்கள் நாட்டு விதிப்படி. எங்கள் டிக்கெட் இரண்டாவது ரகம். கவுன்டரில் இருந்த பெண் மிக மரியாதையாக, ஒன்றும் தேறாது என்பதை மூன்று விதமாகச் சொன்னாள்.

இந்த இடத்தில் இன்னொரு விதியையும் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டு டிக்கெட்டைக் கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் வாங்கி, பயணத்துக்கு இன்னும் ஏழு நாளோ அதற்கு மேலோ இருந்தால், வாங்கிய 48 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம், தேதி மாற்றலாம். புதுத் தேதியில் விலை கூட இருந்தால் அந்த வித்தியாசம் மட்டும் கட்ட வேண்டும். ஆகவே டிக்கெட் வாங்கிய அன்றே, அடுப்படியில் இருக்கிற சம்சாரத்தைக் கூப்பிட்டு, பெயர், தேதி, நேரம், ஊர் நாலையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நாம் எழுதினதில் நமக்குத் தப்பு தெரியாது. அவர்களுக்கு உடனே தெரியும். (நம் எல்லாத் தப்பும் அவர்களுக்கு உடனே தெரியும் என்பது வேறு விஷயம்.)

பெயர் என்றேனே, அது தமிழனுக்கென்றே வைத்த பள்ளம். நமக்கு இருப்பது ஒரு பெயர், ஒரு இனிஷியல். பிளேன் டிக்கெட்டோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கும். 'கே' என்று ஓர் எழுத்தைப் போட்டால் சில வெப்சைட் ஏற்காது. அப்பா பெயரைப் போடலாமென்றால் ஆதாரில் அது விரிவாக இருக்காது. உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதற்கு முடிந்தவரை ஒட்டி இருந்தால் சமாளித்துவிடலாம். கூப்பிடுகிற பெயரை மட்டும் போடாதீர்கள். ஊருக்கெல்லாம் அவர் குமார்தான், ஆதாரில் முத்துக்குமாரசாமி.

வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கு 2022 நவம்பரில் ஓர் அதிர்ச்சி வந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விட மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று சில நாளில் விளக்கம் வந்தது. ஆனாலும் துபாய்க்கு டிக்கெட் போடும் முன் கம்பெனியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. புதுசாகப் பாஸ்போர்ட் எடுக்கிற தம்பிகள் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுங்கள். அவருக்கும் சந்தோஷம்.

கம்பெனியில் கேட்பது என்றால், போனில் தேடினால் முதலில் வருகிற 'கஸ்டமர் கேர்' நம்பருக்கு அடிப்பது இல்லை. அதில் பல நம்பர் மோசடிக்காரர்கள் போட்டது. கம்பெனி வெப்சைட்டுக்குள் போய் நம்பரை எடுங்கள். அதே போல ஏஜென்ட் நீட்டுகிற டிக்கெட் நிஜமா என்று பார்க்க, அதிலிருக்கும் பி.என்.ஆர். நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள். வளைகுடா வேலைக்கு என்று பணம் கட்டியவர்கள் இதை ஏஜென்ட் ஆபீஸிலேயே, அவர் எதிரில் உட்கார்ந்தே செய்யலாம். கோபித்துக்கொண்டால் அதுவே ஒரு பதில்தான்.

சென்னை போய் அங்கிருந்து வெளிநாடு மாறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மதுரை-சென்னை ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து தனியாக இன்னொரு டிக்கெட் என்று மலிவாகப் பார்த்து வாங்காதீர்கள். முதல் பிளேன் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு அதைப் பற்றி ஒரு அக்கறையும் கிடையாது. இரண்டும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

மூட்டை விஷயம் சுருக்கமாக. கையில் ஏழு கிலோ, உள்நாட்டில் கீழே போடுவதற்குப் பெரும்பாலும் பதினைந்து கிலோ. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறக்க வைப்பார்கள். பழனி பஞ்சாமிர்தம், நெய், ஊறுகாய் எல்லாம் நேர்மாறு: பெட்டியில். கொப்பரைத் தேங்காய் பெட்டியிலும் கூடாது, எண்ணெய்ப் பசை உள்ளது, தீப்பிடிக்கும் என்பார்கள். திண்டுக்கல் பூட்டு ஒன்று பெட்டிக்குப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் சாவியை வழியனுப்ப வந்தவர் பாக்கெட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதையும் ஒருவர் செய்திருக்கிறார். அடியேன் இல்லை.

சீட் தேர்ந்தெடுக்கிற பக்கத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு விலை மின்னும். வேண்டாமென்றால் தாண்டிப் போங்கள். ஏதோ ஒரு சீட் கிடைக்கும். பிளேனில் ஸ்டாண்டிங் கிடையாது. கவுன்டரில் போர்டிங் பாஸ் தருவதற்குத் தனிக் காசு வாங்கக்கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய அமைச்சகமே சொல்லிவிட்டது.

ஒரு காலத்தில் இந்தத் தலைவலி எதுவும் நமக்குக் கிடையாது. 1953-லிருந்து நாற்பது வருஷத்துக்கு உள்நாட்டில் பறந்தது அரசாங்க விமானம்தான். ஏறியவர்கள் அதிகாரிகளும் சினிமாக்காரர்களும். 1994-ல் அந்தச் சட்டம் போனது. 2003-ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்து, ஒரு ரூபாய் டிக்கெட் வரைக்கும் போனது. அவர் கதையைத் தழுவி 2020-ல் 'சூரரைப் போற்று' எடுத்தபோது, கதாநாயகனைச் சோழவந்தான்காரனாக்கிவிட்டார்கள். அப்பா சாகக் கிடக்கிறார், டிக்கெட்டுக்குப் பணம் போதாமல் அவன் ஏர்போர்ட்டில் ஒவ்வொருவராகக் கையேந்துகிற அந்தக் காட்சியில் தியேட்டர் இல்லாமலே, வீட்டு டி.வி. முன்னால் அழுதவர்கள் அதிகம். நானும் அழுதேன். காசு இல்லாமல் அவன் பிளேனை விட்டான். காசு கொடுத்து வாங்கிய பிளேனை நாங்கள் விட்டோம், என் வாய்ச்சொல்லை நம்பி.

அன்று ராத்திரி வேன் திரும்பி வந்தபோது யாரும் பேசவில்லை. முறுக்குப் பொட்டலம் பிரிக்கப்படாமல் என் மடியில் இருந்தது. எரியோட்டில் இறங்கும்போது பையன்தான் மெதுவாகச் சொன்னான். "விடுங்க மாமா. நானும்தானே பார்த்தேன், எனக்கும் தெரியலையே."

அந்தக் கம்பெனி ஒரு வாரம் பொறுத்துக்கொண்டது. ஏஜென்ட் கெஞ்சினாரா, நிஜமாகவே ஆள் தேவையா, தெரியாது. புது டிக்கெட்டின் விலை பழையதைப்போல ஒன்றரை மடங்கு. பண்டிகை நெருங்க நெருங்க சீட் குறைந்து விலை ஏறும் என்பதையும் அன்றைக்குத்தான் கையில் சுட்டுக் கற்றுக்கொண்டேன். பாதிப் பணம் நான் போட்டேன். அக்கா வேண்டாம் என்றாள். அப்புறம் வாங்கிக்கொண்டாள். மறுதடவை வேனில் நான் ஏறவில்லை, கூப்பிடவும் இல்லை.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. செயின் திரும்பி வந்துவிட்டது, தோடு இன்னும் பேங்கில். அடுத்த மாசம் பையன் முதல் லீவுக்கு வருகிறான். டிக்கெட்டை எனக்குத்தான் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறான், "மாமா, பார்த்துச் சொல்லுங்க" என்று. திருச்சியில் இறங்குகிற நேரம் 23.40. இதில் தேதிக் குழப்பம் எதுவும் இல்லை. இருந்தும் நாலு தடவை பார்த்துவிட்டு, சம்சாரத்திடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, வேன்காரருக்குப் போன் அடித்தேன். அதே வேன்காரர்தான்.

"ராத்திரி பதினொன்னே முக்காலா சார்?" என்றவர் ஒரு நிமிஷம் யோசித்தார்.

"எந்த ராத்திரி சார்?"