காஷ்மீரும் கொல்லியும்

சென்ற இதழில் லெட் ஸெப்பலின் குழுவின் 'காஷ்மீர்' பாட்டை நண்பர் ஒருவர் கிழித்துப் போட்டிருந்தார். காஷ்மீரைக் கண்ணால் பார்க்காதவர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது வெள்ளைக்காரத் திருட்டு என்பது அவர் தீர்ப்பு. தகவல் சரிதான். 1973இல் தெற்கு மொராக்கோவின் பாலைவனச் சாலையில் காரில் போகும்போது ராபர்ட் பிளான்டுக்கு வந்த வரிகள் அவை. குழுவில் ஒருவரும் அதுவரை காஷ்மீர் போனதில்லை. ஆனால் தகவல் சரியாக இருந்துவிட்டால் அது விமர்சனமாகிவிடுமா?

இதைக் கொல்லிமலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவந்த கிறக்கம் இன்னும் தெளியவில்லை. கோபம் அதனால் அல்ல.

நண்பர் பாட்டைக் கேட்டாரா என்பதே என் சந்தேகம். அவர் கட்டுரையில் சொற்கள் உண்டு, ஒலியைப் பற்றி ஒரு வாக்கியம் கிடையாது. ஜிம்மி பேஜின் கிதார் மும்மூன்றாக எண்ணிக்கொண்டு போகிறது. ஜான் பானமின் டிரம் நந்நான்காக. நம் தவில்காரர் பாஷையில் ஒன்று திஸ்ரம், மற்றது சதுஸ்ரம். பன்னிரண்டில் இரண்டும் ஒருசேர வந்து விழுகின்றன, விழுந்த கையோடு பிரிந்துவிடுகின்றன. எட்டரை நிமிஷப் பாட்டில், இடையே சில பகுதிகள் நீங்கலாக, இதுதான் நடக்கிறது. நடந்துகொண்டே இருக்கிறோம், ஊர் வருவதில்லை. பாட்டின் அர்த்தம் இந்த நடையில் இருக்கிறது. காஷ்மீர் என்பது அங்கே வந்து சேராத ஊருக்கு வைத்த பெயர், அவ்வளவே.

வியாபாரத்தைக் கண்டிக்க வேண்டுமென்றால் அதற்கும் இடம் உண்டு. 1998இல் 'காட்ஸில்லா' படத்துக்காக பஃப் டாடி இதே மெட்டின்மேல் தன் சொற்களை ஏற்றினார், பேஜின் சம்மதத்தோடு. ராட்சசப் பல்லிக்குப் போய்ச் சேர இடம் இருந்தது, தியேட்டர். 1975இல் வந்த பாட்டுக்கு அது இல்லை. நண்பர் இந்த வித்தியாசத்தைத் தொடவே இல்லை.

இனி நம் கதை. காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் உருக்குலையாத கொல்லிப்பாவை நற்றிணையில் இருக்கிறாள். பரணர் மலையேறிப் பார்த்தாரா என்று நாம் கேட்பதில்லை. 1970களில் ஒரு சிற்றேடே அவள் பெயரில் வந்தது. நானும் மூன்று கவிதைகளில் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். நண்பர் கணக்கு என்னுடையதைவிட அதிகம். எனக்கு இன்றுதான் முதல் தடவை இந்த மலை. அவரும் வந்ததாகச் சொன்னதில்லை.

இங்கே மிளகுக்கொடி இருக்கிறது, மரவள்ளி இருக்கிறது, இந்த மலையின் மலையாளி ஜனங்கள் இருக்கிறார்கள். என் கவிதை எதிலும் இவை கிடையாது. பாக்சைட்டுக்காக மலையின் தலையை வெட்டியெடுத்த இடமும் இருக்கிறது. நிலம் அதிர்ந்தாலும் அசையாதவள் என்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது இங்கே நிலத்தை அதிரவைத்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

போய்ச் சேரவில்லை என்பதை அந்தப் பாட்டு தாளத்திலேயே ஒப்புக்கொள்கிறது. என் கவிதைகளில் நான் பாவையின் காலடியில் நின்று திரும்பியவன் மாதிரிப் பேசுகிறேன். திருட்டு என்ற சொல்லை நண்பர் எங்கே வைக்கப் போகிறார்?

தொகுப்பிலிருந்து அந்த மூன்றையும் எடுத்துவிடும்படி பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். நண்பர் தன்னுடையவற்றை வைத்துக்கொள்ளட்டும். ஒருமுறை பஸ்ஸேறி வந்து, அவற்றை இங்கே யாருக்காவது படித்துக் காட்டட்டும்.