பூட்டிய வண்டிக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவனைப் பலரும் பார்த்திருப்பார்கள். கனடாவில் சாதாரணக் குடும்பங்கள் பலவும் இப்படியொரு வண்டி வைத்திருக்கின்றன. படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு. கோடை முழுக்க ஊர் சுற்றிவிட்டு, பனி விழும் முன் வண்டியைப் பூட்டி நிறுத்திவிடுவார்கள். மறுபடி திறப்பது வசந்தத்தில்தான்.

அப்போது சிலருக்கு அதிர்ச்சி காத்திருக்கும். மெத்தைக்கு அடியில் கரும்புள்ளிகள், குப்பென்று அடிக்கும் பூஞ்சை வாடை, ஊறிப்போன ப்ளைவுட். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அந்த வண்டியில் ஏறவே முடியாது. இத்தனைக்கும் கூரை ஒழுகியிருக்காது!

காரணம் என்ன?

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலுக்கு வெளியே வியர்க்கிறதே, அதே கதைதான். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. பகல் வெயிலில் மெத்தையிலும் கம்பளத்திலும் இருக்கும் ஈரம் காற்றில் கலக்கிறது. இரவில் வண்டி குளிர்ந்ததும், அது ஜன்னல் கண்ணாடியிலும் உலோகச் சட்டத்திலும் துளித்துளியாகப் படிகிறது.

நிறுத்தும் முன் செய்ய வேண்டியவை

* துணி, போர்வை, உணவுப் பொருள்களை வெளியே எடுத்துவிட வேண்டும்.
* தண்ணீர்த் தொட்டி, குழாய்களைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் நீர் உறைந்து குழாய் வெடிக்கும்.
* ஃப்ரிட்ஜைத் துடைத்து, கதவைச் சற்றே திறந்து வைக்க வேண்டும்.
* மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்த வேண்டும். அலமாரிக் கதவுகளும் திறந்தே இருக்கட்டும்.
* மழையும் பனியும் புகாதபடி மூடி போட்ட கூரைத் துவாரத்தைக் கொஞ்சம் திறந்து வைக்கலாம்.

ஊருக்கு ஏற்ற வழி

ஆல்பர்ட்டா போன்ற வறண்ட குளிர்ப் பகுதிகளில் பெரும்பாலும் காற்றோட்டமே போதும். குளிர்காலம் முழுக்க மழை பெய்யும் வான்கூவரில் அது போதாது. அங்கே கால்சியம் குளோரைடு டப்பாக்கள் உதவும். ஈரத்தை உறிஞ்சி அவற்றில் சேரும் நீர் உலோகத்தை அரிக்கும் என்பதால், டப்பாவை பிளாஸ்டிக் தட்டில் வைத்து, அவ்வப்போது காலி செய்ய வேண்டும். மின்இணைப்பு இருந்தால் ஈரநீக்கி இயந்திரம் வைக்கலாம். கம்ப்ரஸர் வகை கடுங்குளிரில் உறைந்துவிடும். உறிஞ்சுபொருள் வகைதான் சரி.

இவை வேண்டாம்

பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். காற்றுப் புகும் துணி உறையே நல்லது. ஈரத்தை விரட்டுவதாக நினைத்து, புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரை ஏற்றவே கூடாது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் மேல் தண்ணீர் நீராவியாக வெளியேறும். உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் உண்டு.

கடைசியாக, ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை உள்ளே வைத்து, மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. 50 சதவிகிதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 60-ஐத் தாண்டியே நின்றால், பூஞ்சை முந்திக்கொள்ளும் முன் உலர்த்தியாக வேண்டும்.