கபாலி கோபுரமும் முழுக்கால் எக்ஸ்ரேயும்

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் கிழக்குக் கோபுரம், 1906-ல கட்டினது, சுமார் 120 அடி. ஃபோனை அண்ணாந்து சுழற்றி பனோரமா எடுத்தா உச்சி சுருங்கும், விளிம்பு வளையும். வாட்ஸ்அப்புக்கு அது போதும், ஆவணத்துக்கு ஆகாது.

வியூ கேமராவைச் சாய்க்காம நிறுத்துங்க. லென்ஸ் அசையவே கூடாது. பின்னாடி டிஜிட்டல் பேக்கை மட்டும் ஸ்லைடிங் அடாப்டர்ல மேலும் கீழுமா நகர்த்தி, மூணு படம் எடுத்து ஒட்டுங்க. பார்வைப் புள்ளி ஒண்ணேதான், அதனால சிலையும் மாடமும் விலகாம பொருந்தும். (நடுவுல மேகம் வந்தா ஒட்டு தெரியும், பொறுமை வேணும்.)

முழுக்கால் எக்ஸ்ரேயைத் துண்டாக எடுத்து ஒட்டும்போதும் இதே கதைதான். கதிர் கிளம்புற புள்ளி நகர்ந்துட்டா அளவு பிசகலாம். முட்டி ஆபரேஷன்ல எலும்பை வெட்டுற கோணமே அதை நம்பித்தான்.

அடுத்த கும்பாபிஷேகத்துக்குச் சுதையைப் பூசிப் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி, யாராவது இப்படி ஒருதடவை எடுத்து வைங்க.