ஷெவராய் மலைக் கல்லும் பிக்கோ விநாடியும்

ஏற்காட்டுக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் ஏரியில் படகு விடுவார்கள். காப்பித் தோட்டங்களைப் பார்ப்பார்கள். காலடியில் கிடக்கும் மண்ணை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. ஷெவராய் மலை சார்னகைட் என்னும் பாறையால் ஆனது. மழையும் வெயிலும் பல இலட்சம் ஆண்டுகள் அப்பாறையைக் கரைத்து, மலையுச்சிகளில் பாக்சைட்டை மிச்சம் வைத்தன. அந்த மண் லாரிகளில் இறங்கி மேட்டூர் ஆலைக்குச் சென்று அலுமினியமாயிற்று. இன்று அங்கே அலுமினியம் தயாராவதில்லை.

சரி, அலுமினியத்தை 660 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் உருகும். இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. உருகும் அந்தக் கணத்தில் உள்ளே என்ன நடக்கிறது? இதைப் புத்தகம் சொல்வதில்லை.

2003-ல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் டுவெய்ன் மில்லர் குழுவினர் இதைப் பார்த்தார்கள். மிக மெல்லிய அலுமினியத் தகட்டின்மேல் ஒரு லேசர் துடிப்பைப் பாய்ச்சினார்கள். அடுத்து, சற்றே தாமதித்து, எலெக்ட்ரான்களின் சிறு கொத்து ஒன்றை அனுப்பினார்கள். அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் எலெக்ட்ரான்கள் சிதறிக் கூர்மையான வளையங்கள் விழும். ஒழுங்கு குலைந்தால் வளையங்கள் மங்கும். ஒவ்வொரு தடவையும் தகட்டில் புதிய இடம். தாமதத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் படமெடுத்தார்கள். 3.5 பிக்கோ விநாடிக்குள் திடப்பொருள் திரவமாகிவிட்டது! ஒரு விநாடியை இலட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு பிக்கோ விநாடி.

இவ்வளவு சிறிய தாமதத்தை எந்தக் கடிகாரத்தால் அளப்பது? கடிகாரமே வேண்டாம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறலாம். குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டும் போகலாம். இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் கிளம்பினால் சுற்று வழி வண்டி பிந்தித்தானே வரும்? ஒளிக்கும் அப்படியே. ஒரு பிக்கோ விநாடியில் ஒளி 0.3 மில்லிமீட்டர் செல்கிறது. கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினால், ஒளி போய்த் திரும்ப ஒரு பிக்கோ விநாடி தாமதம் கிடைத்துவிடும்.

எலெக்ட்ரானுக்குப் பதில் எக்ஸ்-கதிர்த் துடிப்பைக் குவித்து அனுப்பினால் தடித்த பொருள்களின் உள்ளேயும் பார்க்கலாம். அதற்கான கட்டற்ற எலெக்ட்ரான் லேசர், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 2009-ல் ஒளிர்ந்தது. ஜப்பான், கொரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகியவை தொடர்ந்தன. ஜெர்மன் கருவியின் நீளம் 3.4 கிலோமீட்டர். நம்மிடம் அத்தகையது இல்லை. இந்தூரிலுள்ள இண்டஸ்-2 நல்ல எக்ஸ்-கதிர் ஊற்றுதான். ஆனால் அதன் துடிப்புகள் இந்த வேலைக்கு மிக நீளமானவை.

"ஏழை நாட்டுக்கு இது எதற்கு?" என்பார்கள். மலைப்பள்ளியில் சோதனைச்சாலைகூட இல்லாதபோது கிலோமீட்டர் நீளக் கருவியா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் டொரான்டோ சோதனை ஓர் அறைக்குள் நடந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மீவிரைவு நிகழ்வுகளுக்கென்றே ஒரு தேசிய மையம் உண்டு. அதே பல்கலைக்கழகத்தில்தான் 1954-ல் ஜி. என். ராமச்சந்திரன், கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்து கொலாஜெனின் வடிவைக் கண்டார். அசையாத படங்களில் உலகுக்கு வழிகாட்டிய ஊர் நம்முடையது.

எனவே பெரிய கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கட்சி. அறைக்குள் அடங்கும் லேசர் கருவியொன்றைச் சேலம் போன்ற ஊர்களின் பல்கலைக்கழகங்களில் வையுங்கள். பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு நாளாவது உள்ளே வந்து, கண்ணாடியைத் தம் கையாலேயே நகர்த்திப் பார்க்கட்டும். பாக்சைட்டை மலையிலிருந்து இறக்கி அனுப்பினோம். அது உருகுவதைக் கண்டவர்கள் டொரான்டோவில் இருந்தார்கள். அடுத்த தடவை அந்த வளையங்கள் மங்குவதை ஏற்காட்டு மாணவி ஒருத்தி பார்க்க வேண்டும்.